சேர்விலக்கம் 3294

நான் ரொறன்ரோவுக்கு வந்த நாலாவது கிழமை நகரத்துக்குள் இராணுவம் வந்தது.

1999 ஜனவரி. நாள்கணக்காகக் கொட்டிய பனியை அள்ளி முடிக்க முடியாமல் நகர முதல்வர் இராணுவத்தை உதவிக்குக் கூப்பிட்டிருந்தார். எனக்கு அது தெரியாது. செய்தி கேட்டு விளங்குகிற அளவுக்கு ஆங்கிலம் இல்லை, கேட்க நேரமும் இல்லை. உணவகத்தில் இரவு முழுக்கக் கோப்பை கழுவிவிட்டு விடியப்புறம் பின்கதவால் தெருவுக்கு வந்தேன். எதிரே பச்சை நிற வாகனம். சீருடையில் நாலைந்து பேர். கால் அப்படியே நின்றுவிட்டது. ஜாக்கெட் பைக்குள் இருந்த இரண்டு கையையும் வெளியே எடுத்து, உள்ளங்கை தெரிய விரித்துப் பிடித்துக்கொண்டேன். அவர்களில் ஒரு பெடியன், என் வயதுதான் இருக்கும், என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பக் குனிந்து பனியை அள்ளத் தொடங்கினான். அவன் கையில் இருந்தது சவள்.

அந்த நேரம் என் வாய் ஒரு எண்ணை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. 3294. என் பாடசாலைச் சேர்விலக்கம்.

அந்த எண்ணை எனக்குப் பாடமாக்கித் தந்தவர் எங்கள் அதிபர். சென்ற ஐப்பசியில், தன் 85ஆவது வயதில், யாழ்ப்பாணத்தில் காலமானார். முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டிக்கு வெளியிடும் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி இங்கேயுள்ள பழைய மாணவர்கள் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். அந்தப் பக்கத்துக்குள் அடங்காததுதான் இது.

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. பெயர் போடுவது அவருக்குப் பிடிக்காது. பாடசாலை மண்டபத்துக்கு அவருடைய பெயரை வைக்கலாமா என்று ஒருமுறை வெளிநாட்டிலிருந்து கேட்டார்கள். "முதல்ல கூரையைத் திருத்துங்கோ. பேர் பிறகு பாப்பம்" என்று பதில் வந்தது. கூரை திருத்தியாயிற்று. மண்டபம் இன்றைக்கும் வெறும் மண்டபம்தான்.

ஸ்காபரோவில் எக்ளின்டன் வீதிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் ஆறு பேர் இருந்தோம். மெத்தை நாலு. இரவு வேலைக்குப் போகிறவனும் பகல் வேலைக்குப் போகிறவனும் ஒரே மெத்தையை மாறி மாறிப் பாவிப்போம். ஏஜென்சிக்குக் கட்டிய காசுக்காக அக்காவின் தாலிக்கொடி ஈட்டில் இருந்தது. ஆகவே சம்பளம் வந்தால் முதலில் வட்டி, பிறகு வாடகை, பிறகு பஸ்ஸுக்கான மாதாந்த அட்டை, மிச்சத்துக்கு அரிசி. ஒரு இடத்தில் மூன்று கிழமைச் சம்பளத்தைத் தராமலே விட்டார்கள். அதைக் கேட்கப் போகவும் எனக்குத் துணிவில்லை, கையில் கடதாசி இல்லாதவன் என்பதால்.

குளிர் பழகிவிட்டது. இரண்டு காற்சட்டை, இரண்டு சோடி காலுறை, கென்னடி நிலையத்துக்குள் பஸ் வரும்வரை உள்ளே நிற்பது என்று உடம்பு தானாகப் படித்துக்கொண்டது. பழகாமல் இருந்தது படிவங்கள்தான். எந்தப் படிவத்தை எடுத்தாலும் எங்கே பிறந்தாய், எங்கே படித்தாய், எத்தனையாம் வகுப்பு, ஆதாரம் இருக்கிறதா. அகதிக் கோரிக்கைக்கான விபரத்தை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் எழுத எழுத, நான் சொல்வதைத் தவிர நான் யார் என்பதற்கு ஒரு சாட்சியும் இந்த நாட்டில் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சாதாரண தரம் எழுதினேன் என்று சொன்னேன். உயர் தரத்தில் கணிதம் படித்தேன் என்று சொன்னேன். அவரும் எழுதினார். வெறும் சொல்.

எங்களோடு இருந்த அண்ணை ஒருவர்தான் வளர்ந்தோருக்கான பள்ளிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். "கோப்பை கழுவத்தான் இவ்வளவு தூரம் வந்தனியோ?" என்று கேட்டார். அங்கே இருந்த வழிகாட்டி ஆசிரியை அன்பாகத்தான் பேசினார். ஒன்ராறியோவில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் எடுக்க 30 பாடப்புள்ளிகள் வேண்டும். வேறு நாட்டில் படித்ததை எத்தனை புள்ளிகளுக்குச் சமமாக எடுக்கலாம் என்பதைப் பள்ளியின் அதிபர் தீர்மானிப்பார். ஆனால் அதற்கு உன் பாடசாலையிலிருந்து ஏதாவது எழுத்தில் வேண்டும் என்றார். "உன் பாடசாலை இப்போதும் இருக்கிறதா?" என்றும் கேட்டார். சும்மா கேட்கிற கேள்வி இல்லை அது. போர் நடக்கிற ஊர் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அன்றைக்கு இரவே அதிபருக்குக் கடிதம் எழுதினேன். என் பெயர், அப்பாவின் பெயர், சேர்விலக்கம் 3294. அதற்கு மேல் ஒன்றும் அவருக்குத் தேவைப்படாது என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

சுன்னாகத்துக்கும் மானிப்பாய்க்கும் இடைப்பட்ட ஒரு கலவன் பாடசாலை எங்களுடையது. பெரிய கல்லூரிகளின் பெயர்ப் பட்டியலில் வராது. அவர் 1978இல் அங்கே அதிபராக வந்து, 2000இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். 22 வருடம். அந்த 22 வருடத்துக்குள் யாழ் நூலகம் எரிந்தது, 83 கலவரம் வந்தது, இந்திய இராணுவம் வந்து போனது, 90இல் திரும்பச் சண்டை தொடங்கி மின்சாரம் நின்றது, 95இல் ஊரே இல்லாமல் போனது. இதற்குள் ஒருவர் ஆறாம் வகுப்புக்குப் பின்னம் படிப்பித்துக்கொண்டிருந்தார் என்று சொன்னால் என் மகள் நம்பமாட்டாள்.

அவர் எண்ணுவார். அவரைப் பற்றி நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான். காலையில் வகுப்பு வகுப்பாக இடாப்பு எடுத்து முடிந்ததும் மொத்த வரவைக் கந்தோர்ச் சுவரில் சோக்கால் எழுதிவிடுவார். 412. 398. பொம்மர் சத்தம் கேட்டால் மணி நிற்காமல் அடிக்கும். வளவுக்குள் பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட பதுங்குகுழிகளுக்கு ஓடுவோம். சகடை என்று நாங்கள் கூப்பிடும் குண்டு போடுகிற விமானம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும். அவர் வெளியே நின்று, ஓடுகிற தலைகளை எண்ணிக்கொண்டிருப்பார். சின்னப் பிள்ளைகள் அழும். ஆசிரியர்கள் "உள்ள வாங்கோ சேர்" என்று கத்துவார்கள். சுவரில் எழுதிய எண் வரும்வரை அவர் குனிந்து உள்ளே வந்ததை நான் பார்த்ததில்லை.

ஒரு பெடியன் இரண்டு நாள் தொடர்ந்து வராவிட்டால் பின்னேரம் அவருடைய ராலே சைக்கிள் அந்த வீட்டுப் படலையில் நிற்கும். அந்தக் காலத்தில் பெடியன் பள்ளிக்கு வரவில்லை என்றால் காய்ச்சலாகவும் இருக்கலாம், இயக்கத்துக்குப் போனதாகவும் இருக்கலாம், வழியில் ஷெல் விழுந்ததாகவும் இருக்கலாம். அவர் வீட்டுக்குள் வரமாட்டார். படலையிலேயே நின்று, "பிள்ளை எங்க?" என்பார். அம்மாமார் அதற்குப் பதில் சொல்லமுடியாமல் அழுததை ஊரில் பலர் பார்த்திருக்கிறார்கள். மூன்று பேரையாவது அவர் வழியில் மறித்துக் கூட்டிக்கொண்டு வந்தார் என்பது ஊருக்குத் தெரியும். மற்றவர்களைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

அடிப்பார். அதையும் சொல்லவேண்டும். பிரம்பு அவருடைய மேசையில் இருந்தது, சும்மா இருக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் நான் பிந்திப் போனதற்கு உள்ளங்கையில் நாலு அடி வாங்கினேன். மண்ணெண்ணெய்க்காகச் சங்கக்கடையில் விடிய நாலு மணியிலிருந்து வரிசையில் நின்றுவிட்டு வந்தவன் நான். அந்த எண்ணெய் ஜாம் போத்தல் விளக்குக்கு, அந்த விளக்கு படிப்பதற்கு. வாய் திறந்து சொல்லவில்லை. யார் சொன்னார்களோ, பின்னேரம் சைக்கிள் எங்கள் படலைக்கு வந்தது. அம்மாவுக்கு முன்னால், "என்ர பிழை தம்பி. கேட்டிட்டு அடிச்சிருக்க வேணும்" என்றார். அடித்ததே பிழை என்று இன்றைக்கு நான் நினைக்கிறேன். அவருக்கு அந்த யோசனை வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு பெரிய மனிதர் ஒரு பிள்ளையிடம் பிழை என்று சொல்லிக் கேட்டது என் வாழ்வில் அதுதான் முதல் தடவை.

அப்புறம் 1995 ஒக்ரோபர் 30. சண்டை நெருங்க, எங்கள் ஊர் இருக்கும் வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்டது. மழை. செம்மணி வெளியும் நாவற்குழிப் பாலமும் சனத்தால் அடைத்து, ஒரு அடி வைத்தால் கால்மணித்தியாலம் நிற்கவேண்டும். சிலர் சைக்கிள் கரியரில் நெல் மூட்டை கட்டியிருந்தார்கள், சிலர் தாயைச் சுமந்தார்கள், ஆட்டுக்குட்டியைத் தூக்கினவர்களும் உண்டு. அதிபரின் கரியரில் ஒரு உரப்பை இருந்தது. அதற்கு மேல் பொலித்தீன் சுற்றி, கயிறு போட்டு இறுக்கியிருந்தார். உள்ளே பாடசாலையின் சேர்விடாப்புகள், ஆறு கட்டுகள். பாடசாலை தொடங்கிய நாளிலிருந்து அங்கே சேர்ந்த ஒவ்வொரு பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர், சேர்ந்த நாள். அவருடைய மனைவி பக்கத்தில் நடந்து வந்தார். பத்து வருடம் கழித்து அந்த அம்மா என்னிடம் சொன்னார்: "எங்கட கலியாணப் படம் சுவரில தொங்கினபடி விட்டிட்டு வந்தம் தம்பி. அந்தப் பை மட்டும் நனையாமல் வந்தது." குறையாகச் சொல்லவில்லை. ஆனால் பத்து வருடம் கழிந்தும் அவருக்கு அந்தப் படம் ஞாபகம் இருந்தது.

சாவகச்சேரியில் ஒரு பாடசாலையில் காலையில் அவர்களுடைய பிள்ளைகள், பின்னேரம் எங்களுக்கு இடம். கட்டடம் போதாமல் மாமரத்தின் கீழே வகுப்பு. வந்து சேர்ந்த பிள்ளைகள் பாதிகூட இல்லை. முதல் நாள் அவர் படிப்பிக்கவில்லை. இடாப்பைத் திறந்து வைத்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அவரவர் சேர்விலக்கத்தைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னார். "கடதாசி எரியும், நனையும், துலையும். இதை மண்டைக்குள்ள வையுங்கோ. எங்க போனாலும் பள்ளிக்கூடத்தின்ர பேரும் இந்த நம்பரும் சொன்னால் நான் சொல்லுவன் நீங்கள் ஆரெண்டு." எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நாள் திரும்பக் கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார்.

எனக்குப் பக்கத்தில் இருந்தவனுக்கு 3295. 1984 தையில், முதலாம் வகுப்புக்குச் சேர்க்க வந்தபோது வரிசையில் எனக்குப் பின்னால் அவனுடைய அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவன். ஒரு எண் முந்தி என்பதற்காக "அண்ணை" என்று என்னைக் கூப்பிடுவான்.

96இல் ஊருக்குத் திரும்பினோம். அந்த வருடம் யாழ்ப்பாணத்தில் இளைஞர்கள் காணாமற்போன வருடம். ஒரு நாள் சோதனைச் சாவடியில் அவனைச் சைக்கிளால் இறக்கி எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டோம். அதிபர் வரவு இடாப்பைத் தூக்கிக்கொண்டு முகாம் முகாமாகப் போனார். இவன் என் மாணவன், இத்தனையாம் திகதி இத்தனை மணிக்கு வகுப்பில் இருந்தான், இதோ பாருங்கள் என்று திறந்து காட்டுவார். அப்படி இரண்டு பிள்ளைகளை வெளியே எடுத்திருக்கிறார். 3295 வரவில்லை.

அவன் போனபிறகு சாவடியில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த எண் வாயில் வரத் தொடங்கியது. ரொறன்ரோவில் பனி அள்ள வந்தவர்களைக் கண்டபோதும் அதுதான் வந்தது.

கடிதத்துக்கு ஏழு கிழமை கழித்துப் பதில் வந்தது. தடித்த பழுப்பு உறை. விடுகைப் பத்திரத்தின் பிரதி, கையொப்பமும் முத்திரையும் இட்டது. என் சாதாரண தரப் பெறுபேறுகள், கொழும்பில் பரீட்சைத் திணைக்களத்திடம் உறுதிப்படுத்திக்கொள்ளப் பரீட்சைச் சுட்டெண்ணோடு. உயர் தரத்தில் நான் எந்தெந்தப் பாடங்களில் எதுவரை படித்தேன் என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு பக்கம். இடம்பெயர்வால் வகுப்பு நடக்காத மாதங்கள் எவை, அந்த மாதங்களில் எது படிப்பிக்கப்படவில்லை என்றும் நேர்மையாக எழுதியிருந்தார். தமிழில் எனக்கென்று தனியாக ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். கடைசியில் உறைக்குள் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டிக்கொண்டிருந்தது. "அங்கே குளிர் என்று கேள்வி. காது மூடிப் போகவும்."

பேஸ்மென்டில் மற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். சத்தம் போட்டே அழுதேன். இந்த நாட்டில் அதுவரை நான் அழுததில்லை.

வளர்ந்தோர் பள்ளியின் அதிபர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, அந்தத் தட்டச்சுப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தார். படிப்பிக்கப்படாத பாடங்களைப் பற்றிய பந்தியில் விரலை வைத்து, இதை எழுதியவர் சொல்வதை நான் அப்படியே நம்புவேன் என்றார். அந்தப் பந்தி எனக்குப் பாதகமாக முடியுமோ என்று பயந்துகொண்டு இருந்தவன் நான். மிச்சப் பாடங்களை அங்கேயே படித்து முடித்தேன். பிறகு மின்சாரத் தொழிலில் பழகுநராகச் சேர்ந்தேன். ஒன்ராறியோவில் அதற்கு வேலைத்தளத்திலும் வகுப்பிலுமாக 9,000 மணித்தியாலம். அக்காவின் தாலிக்கொடி மீண்டது. பேஸ்மென்டிலிருந்து மேல் வீட்டுக்கு வந்தேன். கலியாணம், ஒரு மகள். இவற்றைப் பற்றி எழுத அதிகம் இல்லை, எல்லோருக்கும் நடப்பதுதான்.

மகள் நாலாம் வகுப்பில் படிக்கும்போது ஒரு நாள், ஏணியில் நின்று கூரைக்குள் வயர் இழுத்துக்கொண்டிருந்த நேரம் தொலைபேசி அடித்தது. உங்கள் பிள்ளை இன்று காலை வகுப்புக்கு வரவில்லை என்று ஒரு பதிவுக்குரல். இங்குள்ள ஆரம்பப் பள்ளிகளில் அது வழக்கம். பிள்ளை வராததற்குக் காரணம் தெரியாவிட்டால் பெற்றோரைக் கூப்பிட்டே ஆகவேண்டும். அவளுக்குக் காய்ச்சல், வீட்டில் தாயோடு இருந்தாள், அறிவிக்க மறந்துவிட்டோம். அவ்வளவுதான். ஆனால் ஏணியிலிருந்து இறங்கிக் கொஞ்ச நேரம் கீழே உட்கார்ந்துவிட்டேன். இயந்திரக் குரலாக இருந்தால் என்ன, யாரோ ஒருவர் இன்று காலை பிள்ளைகளை எண்ணியிருக்கிறார். ஒரு தலை குறைகிறது என்று கண்டிருக்கிறார்.

அன்று பின்னேரம் மகளுக்கு அதிபரைப் பற்றிச் சொன்னேன். அடித்ததையும் சொன்னேன். "அடித்தவரை உங்களுக்கு எப்படிப் பிடிக்கும்?" என்று கேட்டாள். அவளுக்கு நல்ல பதில் ஒன்று இன்னும் நான் சொல்லவில்லை.

குடியுரிமை கிடைத்தபிறகு 2005 ஆடியில் ஊருக்குப் போனேன். ஏ9 பாதை திறந்திருந்த காலம். ஓமந்தை, முகமாலைச் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, பின்னேரம்தான் அவருடைய வீட்டுப் படலையில் நின்றேன். மெலிந்திருந்தார். கண் மங்கல். "சேர்" என்றதும் முகத்தை உற்றுப் பார்த்தார், பிடிபடவில்லை. "3294" என்றேன். உடனே பெயரைச் சொன்னார். அப்பாவின் பெயரைச் சொன்னார். "காது மூடிக்கொண்டு போறனியோ?" என்று கேட்டார்.

அடுத்த நாள் காலை என்னைப் பாடசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். புதிய அதிபர் எழுந்து தன் கதிரையைக் கொடுக்க, வேண்டாம் என்று வாங்கிலில் இருந்தார். சேர்விடாப்பை எடுத்து வரச்சொல்லி, பக்கத்தைத் தடவித் தடவித் திறந்தார். 3294இன் நேரே கடைசிக் கட்டத்தில், விலகிய திகதியும் "வெளிநாடு" என்ற காரணமும் அவருடைய கையெழுத்தில் இருந்தன. அதற்குக் கீழே 3295. பெயர் இருந்தது, பிறந்த திகதி இருந்தது, சேர்ந்த நாள் இருந்தது. விலகிய திகதி, காரணம் இரண்டும் வெறுமையாக இருந்தன. ஓய்வு பெறுமுன் எல்லாக் கட்டங்களையும் நிரப்பி ஒப்படைக்கும்படி மேலதிகாரிகள் கேட்டார்களாம். "தெரியாததை நான் எப்பிடி எழுதிறது?" என்றார் என்னிடம். "அந்தப் பெடியன் இன்னும் என்ர பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான்."

அவர் காலமான செய்தி வந்த இரவு பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் வழக்கமான அஞ்சலி வரிகள் வந்துகொண்டிருந்தன. இடையில் ஒருவர் "2871, லண்டன்" என்று மட்டும் போட்டார். சிறிது நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு "3016, பாரிஸ்" வந்தது. "2954, சிட்னி." "3120, ஒஸ்லோ." "3388, சுன்னாகம்." எனக்குத் தெரியாதவர்கள், என்னைவிடப் பத்து வயது மூத்தவர்கள், நான் வெளிக்கிட்டபிறகு சேர்ந்தவர்கள். விடியும்வரை எண்கள் வந்துகொண்டே இருந்தன.

நான் "3294, ரொறன்ரோ" என்று எழுதினேன். அதன் கீழே 3295 என்று எழுதினேன். பக்கத்தில் ஊர் எழுதவில்லை.